பக்கத்து சீட்டுப் பெடல்

காலை ஏழேகாலுக்கு, ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் ஏறும் மேட்டுச் சாலையில் கார் உறுமியதே தவிர நகரவில்லை. மூன்றாவது கியர். எஞ்சின் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது, வேக முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"கிளட்ச்ச முழுசா விடுங்கக்கா" என்றாள் டீச்சர்.

"விட்டுட்டேன் டீச்சர். குனிஞ்சு வேணா பாருங்க, கால் தரையில இருக்கு."

டீச்சர் குனிந்து பார்த்தாள். அக்காவின் இடது ஷூ பெடலை விட்டு ஒரு சாண் தள்ளி, நல்ல பிள்ளையாகத் தரையில் இருந்தது. காருக்குள் கருகல் நாற்றம் கிளம்பியது. சிக்னலைப் போட்டு ஓரம்கட்டச் சொன்னாள். அன்று மதியம் இரண்டரைக்கு இதே காரில், இதே மேட்டில், அக்காவுக்கு டிரைவிங் டெஸ்ட்.

அக்கா என்று டீச்சர் கூப்பிட்டது ஒரு நர்ஸை. வயது ஐம்பத்து மூன்று. வார்டில் இருபத்தாறு வருடம் நின்று நின்று முட்டி தேய்ந்துபோனவர். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் வேலை ஒன்று காலியானது. இவருக்கே தருவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, லைசென்ஸ் வேண்டும். இரண்டு முறை தோற்றாகிவிட்டது, இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதுதான். இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலத்துக்குள் சேதி வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

டீச்சருக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு டிரைவிங் ஸ்கூலில் ரசீது எழுதும் வேலையில் சேர்ந்து, அங்கேயே ஓட்டப் பழகி, பிறகு கற்றுக்கொடுக்கவும் லைசென்ஸ் வாங்கினாள். சொந்தமாக ஒரு பழைய காரை வாங்கி, பக்கத்து சீட்டுக்கும் கிளட்ச், பிரேக் வைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்பதால் அவளுக்கு மெதுவா டீச்சர் என்றே பெயர். முதல் வருடத்தில் ஒரு மாணவர் மேட்டில் வண்டியை ஆஃப் செய்து, பின்னோக்கி உருட்டி, நின்றிருந்த வேன் ஒன்றின் முகப்பில் இடித்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்தச் சத்தம் அவளை விட்டுப் போகவில்லை.

கிளட்ச் தேய்வது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பிடிக்கும் இடம் வாரத்துக்கு வாரம் மேலே ஏறியது. சரக்கென்று எடுத்த கார் தயங்கித் தயங்கி எடுத்தது. இதையெல்லாம் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்துவாள். ஆனால் சொந்தக் கார் என்று வந்தால், "இவர் ஆக்சிலேட்டர் பத்தாம கொடுக்கிறார்", "இவருக்கு இன்னும் கால் பழகல" என்று பழியெல்லாம் ஓட்டுபவர் தலையில் விழும். வாரம் தவறாமல் யாருக்காவது டெஸ்ட் இருந்தது. இது முடியட்டும், அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். அக்காவிடமும் கால் பழகவில்லை என்றே சொன்னாள். அக்காவும் தன் கால்தான் மக்கு என்று நம்பிவிட்டார்.

கார் பட்டறை டீச்சரின் கூடப்பிறந்த அக்காள் கணவருடையது. இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். மாமா ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்தார். மூன்றாவது கியரைப் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச்சை விட்டார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்நேரம் செத்திருக்கணும். எப்படி உசுரோட நிக்குது பாரு" என்றார். "கிளட்ச் எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கவே இல்ல. புது செட் வாங்கிட்டேன்னியே, எங்க?"

"டிக்கில இருக்கு மாமா."

"எத்தனை நாளா?"

"ஏழு வாரம்."

"ஏழு வாரமா டிக்கில வச்சு அடைகாத்தியா? குஞ்சு பொரிச்சிருக்கா பார்த்தியா?"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னிக்கு ஒரு டெஸ்ட் மட்டும் தாங்குமா?"

"தாங்கலாம். மேட்டு நடுவுல கையை விரிக்கவும் விரிக்கலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"மாத்தினா?"

"பன்னிரண்டரைக்குத் தரேன். ஆனா பெடல் வேற மாதிரி ஆயிடும். இப்ப மேல வந்துதான் பிடிக்குது. புதுசு கீழேயே பிடிக்கும். இவங்க கால் பழசுக்குப் பழகின கால். பொசுக்குனு விட்டாங்கன்னா ஆஃப் ஆயிடும்."

டீச்சர் நகத்தைக் கடித்தாள். பழசோடு போனால் கார் கைவிடலாம், புதுசோடு போனால் கால் கைவிடலாம். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"பி.பி. மெஷின் தப்பாக் காட்டுதுன்னு தெரிஞ்ச பிறகும், பழகின மெஷினாச்சேன்னு அதையே கட்டிப் பார்ப்போமா? மாத்துங்க தம்பி."

மாமா காரைத் தூக்கி நிறுத்தி கியர்பாக்ஸை இறக்கினார். பதினோரு மணிக்குப் பழைய பிளேட் வெளியே வந்தது. ஆணித்தலைகள் தெரியும் அளவுக்கு வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பியவர், ஏதோ தோன்றி, டார்ச்சோடு காருக்குள் தலையை விட்டார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"இங்க வா. டிரைவர் பக்கத்துக் கிளட்ச் ரப்பரைத் தொட்டுப் பாரு. கோடு கோடா இருக்கா? இப்ப உன் பக்கத்தைத் தொடு."

தொட்டாள். அவள் பக்கத்து ரப்பர் வழுவழுவென்று, கூழாங்கல் போல இருந்தது.

"கத்துக்கிறவங்க தேய்ச்சாங்கன்னு சொல்லிட்டுத் திரியிறே. பாதி அழுத்தியே வச்சுத் தேய்ச்சது உன் கால். பத்து வருஷமா அது மேலயே குடியிருந்திருக்கே."

அவளுக்குக் காது சுட்டது. பிரேக் மேல் கால் தயாராக இருக்க வேண்டியதுதான். ஆனால் இடது காலும் கூடவே கிளட்ச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. மேடு வந்தால் கொஞ்சம் அழுத்துவாள். கார் திணறினால் கொஞ்சம் விடுவாள்.

அக்கா எழுந்து வந்தார். குரல் உயரவில்லை. வார்டில் தவறு கண்டுபிடிக்கும்போது அப்படித்தான் பேசுவார் போலிருந்தது.

"அப்ப, மேட்டுல பிரமாதமா எடுத்தீங்கன்னு சொன்னீங்களே, அதெல்லாம் நான் எடுத்தது இல்லையா?"

டீச்சர் ரப்பரிலிருந்து கையை எடுத்தாள்.

"டெஸ்ட்ல அந்த சீட்டுல நீங்க உட்கார மாட்டீங்களே டீச்சர். ஆபீசர்தானே உட்கார்ந்தாரு, ரெண்டு தடவையும்."

"தெரிஞ்சு பண்ணலக்கா."

"தெரியாம பண்ணதுதான். ஆனா தோத்தது நானு."

மாமா ஸ்பேனரைத் தேடுவதுபோல் காருக்கு அடியில் போய்விட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு கார் தரையில் இறங்கியது. பட்டறைக்குப் பின்னால் லாரிகள் ஏறிவரும் சிமெண்ட் சரிவு ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோனார்கள். டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறி, ஷூவைக் கழற்றி, சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கை ஹேண்ட் பிரேக்கின் பக்கத்தில் காத்திருந்தது.

"பூஜைக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார் அக்கா. கோபம் அடங்கிய குரல் இல்லை அது.

முதல் தடவை ஆஃப். இரண்டாவது தடவை கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து ஆஃப். மூன்றும் நான்கும் அப்படியே. ஐந்தாவது தடவை பின்னால் நழுவியபோது டீச்சரின் கால் சம்மணத்திலிருந்து பாதி இறங்கிவிட்டது.

"காலை மேல வைங்க!" என்று அதட்டினார் அக்கா.

வைத்தாள். "கீழேயே பிடிக்கும்கா. காலைத் தூக்காதீங்க, குதிகால் தரையிலேயே இருக்கட்டும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும். கம்மினவுடனே காலை அங்கேயே நிறுத்துங்க. அதுதான் பிடிச்ச இடம். அப்புறம் ஹேண்ட் பிரேக்."

அக்கா கண்ணை மூடிக் கேட்டார். கம்மியது. கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, பிறகு ஏறியது. ஒன்றேமுக்கால் வரைக்கும் மேலும் பதினோரு முறை முயன்றார்கள். அதில் மூன்று முறை ஆஃப்.

இரண்டரைக்கு ஆபீசர் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். டீச்சர் மேட்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றாள். கார் திருப்பத்தில் தெரிந்தது, பாதி மேட்டில் நின்றது, பிரேக் விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. லாரிக்கும் காருக்கும் இடையில் இரண்டடிகூட இருக்காது.

காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். எஞ்சின் இரைந்து, இரும்பைத் தட்டியதுபோல் ஒரு உதறல் உதறி, சத்தமே இல்லாமல் போனது. ஆஃப். மருந்துக்கடைக்காரர் யாருக்கோ மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். கார் பின்னால் உருண்டிருந்தால் இந்நேரம் கத்தியிருப்பார், கத்தவில்லை. அக்கா ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறார்.

மறுபடியும் ஸ்டார்ட்டர் சுழன்றது. இரைச்சல் எழுந்தது. அவசரப்படாமல் எழுந்தது. பிறகு, ஒரு மூச்சு விடும் நேரம், கம்மியது. அந்தச் சத்தத்திலேயே நிலைத்தது.

லாரி நகர்ந்தபோது மேட்டில் கார் இல்லை.

கால் மணி கழித்து அக்காவும் ஆபீசரும் பக்கத்திலேயே இருந்த லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் இறங்கினார்கள். ஆபீசர் தாளில் எழுதியபடி, "ஒரு தடவை ஆஃப் பண்ணீங்க. ஆனா உருள விடல. பதட்டப்படவும் இல்ல. போங்க, கவுண்டர்ல கையெழுத்துப் போடுங்க" என்றார்.

டீச்சர் ஓடிவந்தாள். "அக்கா..."

அக்கா ஒரு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். மறு கையால் போனை எடுத்து மேலதிகாரியின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது.

"மேடம், நான்தான். ஆமா, ஆயிடுச்சு. திங்கட்கிழமை முதல் வீடு எது? கொஞ்சம் இருங்க, எழுதிக்கிறேன்."

எழுதுவதற்குத் தாளைத் தேடினார். டீச்சர் தன் பாட நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டார்.