கூப்பிட்டால் வரும் டெல்ஃபின்

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில் டெல்ஃபின் வோய்சிக்கின் கை வேகம் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரியும். பகலெல்லாம் ரொட்டிக் கடையில் நின்ற காலோடு வியாழக்கிழமை மாலை பௌலிங் கூடத்துக்கு வருவாள். பந்தை ஒரே உருட்டு உருட்டிப் பத்துக் கட்டைகளையும் சாய்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து பியர் குடிப்பாள். கணவன் ரோமன் வார்ப்பட ஆலைத் தொழிலாளி. ஆட்டத்தில் அவளைவிடக் குறைவு, வாய் மட்டும் பெரிது. அவள் முறை வந்தால், "டெல்ஃபீ, வாடி, வந்து காட்டு" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி கூவுவான். மானத்தை வாங்குகிறாயே என்று அவள் வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு போவாள்.

வயதான பிறகு, அந்த வாய்தான் அவள் பெயரை முதலில் தொலைத்தது. மறதி நோய். அவனைப் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டியதாயிற்று. தினமும் பிற்பகலில் அவள் பஸ் ஏறி, அவனுக்குப் பிடித்த ரை தானிய ரொட்டியோடு போவாள். அவன் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்பான். நர்ஸ் என்று நினைப்பு. முதலில் சண்டை போட்டாள், கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்தப் பெண் அழகாக இருக்கிறாள் என்றான். அதற்குப் பிறகு சண்டை போடவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போவாள்.

இல்லத்தில் பொழுதுபோக்குக்குப் பொறுப்பான லடோனா ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தாள். கையிலிருக்கும் குச்சியைப் பந்து வீசுவது போல ஆட்டினால் டிவியில் பந்து உருளும். அடுத்து யார் என்று திரை கேட்கும்போது வாயால் பெயரைச் சொன்னால், அவருடைய பொம்மை உருவம் கையசைத்துக்கொண்டு முன்னால் வரும். இதற்கெல்லாம் பௌலிங் என்று பெயரா என்று டெல்ஃபின் முகத்தைச் சுளித்தாள்.

ரோமன் டிவி ரிமோட்டைக் காதில் வைத்து ஹலோ சொல்கிறவன். பொத்தான் என்றாலே அவனுக்குக் குழப்பம். ஆனால் இந்தக் குச்சியைக் கொடுத்ததும் அவன் முழங்கால் தானாக மடங்கியது. இடது கால் வழுக்கி முன்னே போனது, கை பின்னால் போய்த் திரும்பி வந்தது. பிறகு, பந்தை விட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டான். குச்சி பறந்து டிவியின் நட்ட நடுவில் விழுந்தது. பௌலிங் தெரியாத கிழவர்கள் எல்லாரும் குச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பத்திரமாக ஆடினார்கள். தெரிந்தவன்தான் டிவியை உடைத்தான்.

புது டிவி வந்தபோது, குச்சியோடு வரும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ரோமன் ஆடக்கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவனோ மாட்டவே விடவில்லை.

"பந்தைக் கயித்துல கட்டிக்கிட்டு ஆடறவன் எவன்யா?"

டெல்ஃபின் வீட்டு நிலவறையைக் குடைந்து, அந்தக் காலத்தில் அவன் பந்து வீச மாட்டிக்கொள்ளும் தோல் கையுறையைத் தேடி எடுத்தாள். கயிற்றை அதன் உள்பக்கம் வைத்துத் தைத்தாள். அவன் பெருமையாக மாட்டிக்கொண்டான். வீசினான், விட்டான். குச்சி அவன் கையிலேயே தொங்கியது, பத்துக் கட்டைகளும் விழுந்தன. அடுத்து யார் என்று திரை கேட்டது. டெல்ஃபினின் பழைய போட்டோவைப் பார்த்து லடோனா ஓர் உருவம் செய்து வைத்திருந்தாள். பழுப்பு முடி, சிவப்புச் சட்டை. திரை ஓரத்தில் அது நிற்பதை ரோமன் பார்த்தான்.

"டெல்ஃபீ, வாடி, வந்து காட்டு."

உருவம் முன்னால் வந்தது. டெல்ஃபின் குச்சியை வாங்கித் திரையைப் பார்க்காமல் அவனையே பார்த்தபடி வீச, பந்து தடத்தின் ஓரக் கால்வாயில் போய் விழுந்தது. அவன் டிவியைப் பார்த்துக் கைதட்டினான். அவள் பக்கம் திரும்பி, "என் பொண்டாட்டி, சிஸ்டர். இன்னிக்குத்தான் சரியில்ல. அவ கை வேகத்தை நீங்க பார்த்ததில்ல" என்றான்.

பனி கொட்டினாலும் பஸ் தாமதமானாலும் அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. பொம்மை விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், தோள்வலிக்கு நல்லது என்பாள். பச்சைப் பொய். அந்த ஒரு கூவலுக்காகத்தான் போனாள்.

மார்ச் மாதம் ரோமனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. உடம்பு தேறியது, குரல் தேறவில்லை. கையுறையை மாட்டி ஆட வைத்தார்கள். வீசிவிட்டுக் கூப்பிட்டான். கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது திரை. மறுபடி கூப்பிட்டான். காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற டெல்ஃபினுக்குக் கேட்டது, மெஷினுக்குக் கேட்கவில்லை. நான் இங்கேயே நிற்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லி என்ன பயன்?

அவன் கண் கலங்கிவிட்டது.

"வர மாட்டேங்கறா, சிஸ்டர். கோபம் போல. நான் என்ன பண்ணினேன்னு ஞாபகம் இல்ல."

டெல்ஃபின் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரையைப் பார்த்துத் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள். சிவப்புச் சட்டைக்காரி உடனே கையசைத்தபடி வந்தாள். ரோமன் முகம் மலர்ந்துவிட்டது.

"அவளுக்குக் கோபமெல்லாம் இல்ல, ரோமன்" என்றாள். "காதுதான் கொஞ்சம் மந்தம்."

"அப்ப நீங்க எங்கேயும் போயிடாதீங்க, சிஸ்டர். அவளைக் கூப்பிட ஆள் வேணும்."

போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவன் மனைவிக்காக அவள் பந்தை வீசினாள்.