இறுகிப்போன கம்பளித் தொப்பி

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நாகலெட்சுமியைப் பிடிவாதக்காரி என்பார்கள். மூத்த பிள்ளை நெஞ்சில் சளி கட்டிச் செத்த பிறகு, கைக்குழந்தையான இளையவன் கிஷாந்தின் தலையைப் பனி தொடவே கூடாது என்று முடிவெடுத்துவிட்டாள். குளிப்பாட்டும் நேரம் தவிர கம்பளித் தொப்பி கழன்றதே இல்லை. அதுவும் அடுப்படியில், அவசர அவசரமாக.

புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவனை விட்டுவிட்டுத்தான் அவள் கொழுந்தெடுக்கப் போவாள். மாதம் ஒருமுறை அங்கே மருத்துவிச்சி வந்து பிள்ளைகளை நிறுத்து அளப்பார்.

"தொப்பியக் கழட்டுங்க, நாகலெட்சுமி."

"வேணாங்க மிஸ். ஒன்ன மண்ணுக்குக் குடுத்துட்டேன். இவன் தலையப் பனியில தெறக்க மாட்டேன்."

மருத்துவிச்சிக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. தொப்பிக்கு மேலேயே அளவு நாடாவைச் சுற்றினார். அளவு கூடுதலாக வந்தபோது, கம்பளியின் தடிப்பு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டார். எடையும் ஏறியிருந்தது. தலையின் பாரமும் அதில் சேர்ந்திருக்கிறது என்று யார் கண்டார்கள்? நாகலெட்சுமிக்கு வாயெல்லாம் பல்.

தொப்பி இறுகியது. அடுப்புக்கு மேலே காயப்போட்டதில் சுருங்கிவிட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கினாள். அதுவும் இறுகியது. கடைக்கார ஹமீது நானாவிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"என்னாங்க நானா, ஒரு தரம் கழுவுனதுக்கே இப்பிடிச் சுருங்குது?"

பாவம், அந்த மனுசன் பெரிய தொப்பியாக மாற்றிக் கொடுத்தார்.

பிறகு பிள்ளை குடித்த பாலையெல்லாம் கக்கத் தொடங்கினான். கருவிழிகள் கீழே இறங்கி அப்படியே நின்றன. நாகலெட்சுமி பதறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் அவளைக் கேட்கவேயில்லை, தொப்பியைக் கழற்றினார். வெறும் தலையைச் சுற்றி நாடா வைத்தார், பிறகு நெஞ்சைச் சுற்றி. உடம்பின் நீளத்தையும் பார்த்தார்.

"ஒடம்புக்கு ஏத்த மாதிரிதாம்மா தலையும் வளரணும். இவனுக்குத் தலை மட்டும் முந்தி ஓடுது. உள்ள நீர் கட்டியிருக்கு. கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன், ஒபரேசன் செய்யணும்."

"தொப்பிதான் சுருங்குதுன்னு நெனச்சேனே, டாக்டர்! கண்ணு நல்லாயிருமா?"

"சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்."

கண்டிப் பாதையில் அம்புலன்சுக்குள் குளிர் புகுந்தது. பழக்கத்தில் அவள் கை தொப்பியை எடுத்து மாட்டப் போனது. போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். தொப்பியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் தலையைப் பொத்தினாள். கைகளுக்குள் அது அடங்கவில்லை.

"மேல பாருடா, ராசா. அம்மா இங்கதான் இருக்கேன். ஒரே ஒரு தடவ மேல பாரு."

கிஷாந்த் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான்.