அன்று என் இடுப்பில் கத்தி இல்லை

எனக்கு மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டது ஒரு வாரம். குப்பை அறைக்கு ஒரு கத்தி பார்க்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

அந்த அறை கச்சிபௌலியில் ஓர் உயரமான குடியிருப்பின் இரண்டாம் பேஸ்மென்ட்டில் இருக்கிறது. மாடி மாடியாகச் சேரும் குப்பையைச் சர்வீஸ் லிஃப்டில் இறக்கி, பைகளைக் கிழித்து, ஈரம் வேறு காய்ந்தது வேறு என்று பிரிப்பது என் வேலை. திருமுல்கேரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வாசலிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்காவிட்டால் எந்தக் கதவும் திறக்காது. உள்ளே போய்விட்டால் வெளியே வெயிலா மழையா என்பதை, பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் கார்களின் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மகள் படிப்பு முடியட்டும், விட்டுவிடலாம் என்று நினைத்தேன், முடிந்தது. அவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்றேன், அதுவும் கிடைத்தது. அதற்கப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். போவதை மட்டும் விடவில்லை.

கத்திக்கு வருகிறேன். முதலில் அவர்கள் கொடுத்தது, தள்ளினால் பிளேடு நீளும் பிளாஸ்டிக் கட்டர். இரண்டாவது வாரமே நுனி முறிந்து குப்பைக்குள் போய்விட்டது. அந்தத் துண்டு யார் விரலில் ஏறப்போகிறதோ என்று நாள் முழுக்கப் பயந்துகொண்டே துழாவினேன். கடைசியில் அது என் விரலில்தான் ஏறியது. பிறகு ஒரு வீட்டில் தூக்கிப் போட்டிருந்த மடக்குக் கத்தி கிடைத்தது. வெளிநாட்டுச் சாமான், பார்க்க அழகு. மடங்கும் இடத்தில் பழச்சாறும் சாம்பார்ச் சோறும் புகுந்து பிசினாகி, நான்காம் நாள் திறக்கவே மாட்டேன் என்றது. வீட்டுக் காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுபோனால், பெயின்ட் டப்பா மூடியை நெம்பும்போது மூக்கை உடைத்துக்கொண்டது. பல் வைத்த ரொட்டிக் கத்தி அட்டைப் பெட்டியை நன்றாக அறுத்தது. ஆனால் அந்தப் பல்லிடுக்கில் சேர்ந்ததைக் கழுவி எடுக்க எனக்குப் பொறுமையும் இல்லை, தண்ணீரும் இல்லை.

ஒவ்வொன்றும் காலை வாரிவிட்ட பிறகு, என்ன வேண்டும் என்பது எனக்கே தெளிந்தது. மடங்கக் கூடாது. இடுக்கு, ஓட்டை, பல் எதுவும் இருக்கக் கூடாது. முதுகு தடிமனாக இருக்க வேண்டும், நுனி மொக்கையாக இருந்தால் நல்லது. தீட்டுவதற்குப் படிக்கட்டு சிமென்டே போதுமென்று இருக்க வேண்டும். கைப்பிடி பளிச்சென்று ஒரு நிறத்தில் இருந்தால்தான் குப்பையோடு குப்பையாகப் போகாது.

செகந்திராபாத்தில் தள்ளுவண்டியில் ஸ்பேனர், சுத்தியல் விற்கும் ஒருவரிடம் அது இருந்தது. இரும்பு அறுக்கும் பெரிய ரம்பத் தகட்டைத் தேய்த்துச் செய்தது. கன்னங்கரேல் என்று, பார்க்கச் சகிக்காது. கைப்பிடியில் சிவப்பு ரப்பர் குழாய் மாட்டியிருந்தார். வாங்கலாமா என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஜங் லகேகா அம்மா, தோகா நை தேகா” என்றார். துருப்பிடிக்கும், ஏமாற்றாது என்றார். என்னைக் கட்டிக்கொடுத்தபோதுகூட யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசவில்லை. அன்றிலிருந்து அது ஒரு பழைய கேன்வாஸ் உறையில் என் இடுப்பில் இருந்தது. வாசலில் செக்யூரிட்டி தினமும் அதற்கு ஒரு கையெழுத்து வாங்குவார். அந்தக் கட்டடத்துக்குள் நான் போகும்போது எனக்கென்று இருந்த ஒரே பொருள் அதுதான்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. காட்பாடிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இங்கே வந்து எத்தனையோ பழக்கம் போய்விட்டது, இது போகவில்லை. பூஜைப் பலகையில் வைத்த கருவியை, மறுநாள் தீபம் காட்டி எடுக்கும்வரை தொடக் கூடாது. அதுவரை பலகையில் வைக்கிற மாதிரி என்னிடம் எதுவும் இருந்ததில்லை. அந்த வருஷம் கத்தியைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, நானே கொண்டுபோய் வைத்தேன். சந்தனமும் குங்குமமும் வைத்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

மகளின் லேப்டாப்பும் பலகையில் இருந்தது. கற்பூரம் அணைவதற்குள் அவள் அதை உருவிக்கொண்டாள். “மம்மி, நாக்கு மீட்டிங் உந்தி” என்று, மீட்டிங் இருப்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நாங்கள் தமிழில் பேசினால் அவள் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

“ஆபீஸ் சாமான், பரவால்ல” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஆட்டோ. அதன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு அதன் பூஜை முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும்போது கை தன்னால் பலகைப் பக்கம் போனது.

“தொடாத. தீபம் காட்டாம எடுக்கக் கூடாது” என்றார் அவர். “நல்ல நேரம் மத்தியானம்தான், நீ வந்ததும் எடுத்துக்கலாம். ஒரு நாள் கத்தி இல்லன்னா குப்ப இன்னா ஓடியா போயிடும்?”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கையை எடுத்துக்கொண்டேன். அவர் ஆட்டோவை எடுத்து என்னை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு, தசரா சவாரி பிடிக்கப் போனார்.

“க்யா அம்மா, ஆஜ் கத்தி நக்கோ?” இன்று கத்தி வேண்டாமா என்று செக்யூரிட்டி கேலி செய்தார். கத்திக்கு இன்று லீவு என்றேன்.

பண்டிகைக் குப்பை மலையாகக் குவிந்திருந்தது. பதினான்காவது மாடியில் தள்ளுவண்டியை நிரப்பி லிஃப்டுக்குள் ஏற்றினேன். கதவு மூடும்போது ஒரு பையின் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து இழுத்தேன். பை வந்துவிட்டது. என் கழுத்து அட்டை ஆடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. கதவு மூடியது. நாடா உள்ளே, அட்டை வெளியே. லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியது.

நாடா என்னை மேலே இழுத்தது. ஒரு முழம்தான் இறங்கியிருக்கும், நாடா இழுத்த இழுப்பில் வெளிக்கதவு கொஞ்சம் விலகி, லிஃப்ட் தானாகவே நின்றுவிட்டது. இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை. முகம் கதவில் அழுந்த, குதிகால் தரையில் படாமல் நின்றேன். தலைவழியாகக் கழற்றலாம் என்றால், குப்பையில் தோயாமல் இருக்க நாடாவை நானே முடிச்சுப் போட்டுச் சுருக்கி வைத்திருந்தேன். இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாகிவிட்டது. எட்டிய கையால் மணியை அழுத்தினேன். எங்கோ அடித்திருக்கும். கீழே முற்றத்தில் தசரா மேளம் அதைவிடச் சத்தமாக அடித்துக்கொண்டிருந்தது.

கை இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் துணி. மறுபடியும் போனது. இல்லை என்று தெரிந்தும் எத்தனை முறை தடவிப் பார்த்தேனோ தெரியாது. இருந்திருந்தால் ஒரே இழுப்பு. அழுகை வந்தது. அழுதால் மூச்சு அடைத்தது, அதனால் அழக்கூட முடியவில்லை. பயத்தைவிட எனக்கு ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. வீட்டில் சந்தனம் பூசிக்கொண்டு சும்மா கிடக்கிறது அது, இங்கே நான் சாகப்போகிறேன்.

காலால் தள்ளுவண்டியை அருகே இழுத்து, கைக்கு எட்டிய பையை நகத்தாலேயே கிழித்தேன். வாழைப்பழத் தோல், சாமந்தி மாலை, நனைந்த டிஷ்யூ. அடுத்த பையில் உடைந்த பீங்கான் தட்டு ஒன்று இருந்தது. அதன் ஒரு சில்லை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் நாடாவை அறுக்கத் தொடங்கினேன். மழுங்கல் சில்லு. ஒவ்வொரு இழையாகப் பிரிந்தது. உள்ளங்கை கிழிந்து, முழங்கை வரை ரத்தம் வழிந்தது. கடைசி இழை விட்டபோது தள்ளுவண்டிமேலேயே விழுந்தேன். விழுந்த இடத்திலேயே, யாரோ வந்து கதவைத் திறக்கும்வரை, குப்பையோடு உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜர் முதலில் கேட்டது, “ஐடி கார்டு எங்கே?” என்று. உள்ளங்கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்கிறோம் என்றார்கள். அறுந்தது நீண்டிருந்த பகுதிதான். முடிச்சோடு கழுத்தை இறுக்கிய வளையம் அப்படியே இருந்தது. அங்கே இருக்கிற யாரும் என் கழுத்தைத் தொட வேண்டாம் என்று தோன்றியது. துப்பட்டாவால் மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டு பஸ்ஸிலும் அதோடுதான் வந்தேன்.

வீட்டுக்காரர் சவாரியிலிருந்து எனக்கு முன்பே வந்திருந்தார். “இன்னாடி இது, கழுத்துல?”

சொன்னேன். அவர் குனிந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு, “இரு, தீபம் ஏத்துறேன். ஏத்திட்டுக் கத்திய எடுத்து அறுத்துடலாம்” என்றார்.

“உங்க ஆட்டோவக் காலைல தீபம் காட்டிட்டா எடுத்தீங்க? அவ லேப்டாப்புக்கு யார் தீபம் காட்டுனா?” என்று கத்தினேன். தொண்டையிலிருந்து பாதிச் சத்தம்தான் வந்தது. “என் வேல மட்டும் ஒரு நாள் காத்துக்கினு இருக்கணுமா?”

அவரைத்தான் கேட்டேன். ஆனால் காலையில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது நான்தான். அந்தக் கத்தியைப் பலகையில் வைத்ததும் நான்தான்.

சத்தம் கேட்டு மகள் காதில் ஹெட்போனோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அந்தக் கத்தி சமையலறைப் பக்கம் வந்தாலே முகத்தைச் சுளிப்பவள், நேரே பலகையிலிருந்து அதை எடுத்தாள். நாடாவுக்கும் என் கழுத்துக்கும் நடுவே தன் இரண்டு விரல்களை நுழைத்துக்கொண்டாள்.

“அசையாதம்மா” என்றாள், தமிழில்.

ஒரே இழுப்பு. வளையம் விழுந்தது. உடனே அவள் அலறினாள். என் கழுத்தெல்லாம் சிவப்பு. தான்தான் வெட்டிவிட்டோம் என்று நினைத்துத் துப்பட்டா, துண்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து அழுத்தினாள். கத்தியிலிருந்து ஒட்டிய குங்குமம் அது என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புது நாடா கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன், மாட்டாமல் கதவு திறக்காதே. அதன்பிறகு வந்த பூஜைகளில் கத்தி பலகைக்குப் போவதில்லை. மகள் குங்குமத்தைக் கொண்டுவந்து என் இடுப்பிலேயே அதற்கு வைத்துவிடுகிறாள்.