அண்ணாந்து குடித்த ஆல்ப்ஸ் வைன்

டொராண்டோவின் அஜின்கோர்ட் பக்கம் ஒரு மதுக்கடை. ருசிபார்க்கச் சும்மாவே வைன் ஊற்றித் தருகிறார்கள். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் விளையும் லாக்ரைன் என்ற கறுப்புத் திராட்சையின் வைன். மதுரையிலிருந்து என்னோடு வந்திருக்கும் மனைவி, சொம்புத் தண்ணீரைப்போல அதை அண்ணாந்து வாயில் விட்டுக்கொள்கிறாள். பாதி அவள் போட்டிருக்கும் குளிர்கோட்டின்மேல் சிந்துகிறது.

ஊற்றித் தரும் யாழ்ப்பாணத்துப் பெண் சிரிக்கிறாள். "அன்ரி, உப்பிடிக் குடிச்சா மணம் தெரியாது. வாய் வச்சுக் குடியுங்கோ." மறுபடி ஊற்றுகிறாள்.

மனைவி தயங்கித் தயங்கி உதடு வைக்கிறாள். "அட, நாவப்பழம் மாதிரியே இருக்குங்க! நீங்களும்... ஐயோ, எச்சில் பண்ணிட்டேனே. வேற கிளாஸ் கேளுங்க."

மேசை நிறையக் கிளாஸ்கள் இருக்கின்றன. அவள் உதடு பட்ட இடத்திலேயே நான் வாய் வைக்கிறேன். யாராவது பார்த்துவிட்டார்களா என்று அவள் கடையைச் சுற்றிப் பார்க்கிறாள்.