பள்ளிக்கு வாங்கிய இரண்டு சர்வர்கள்

பத்தாம் வகுப்போடு நின்றவன் சர்வரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, திருத்தணியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கு இன்டர்நெட் வந்தது. பிள்ளைகளின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ப்ராக்ஸி சர்வர் என்ற ஒரே பெட்டி வழியாகத்தான் வெளியே போகும். வேண்டாத பக்கங்களை அது தடுத்துவிடும். அது நின்றால் எல்லாம் நிற்கும். அதனால் பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் சாதாரணப் பெட்டி இரண்டு வாங்கலாம், ஒன்று விழுந்தால் மற்றது தானே வேலையை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் நான் வெறும் உதவியாள். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் நான் பேசியதே தாளாளருக்கு ஆச்சரியம். சம்மதித்தார். ஆனால் நிர்வாகக் குழுவுக்குச் செய்து காட்ட வேண்டும். தவறினால் சென்னையிலிருந்து படித்த ஆள் வருவார், எனக்கு ஆய்வகத்தில் இடமில்லை.

தாளாளர் மலைக்கோயிலில் முறை வைத்துப் பூசை செய்யும் குடும்பம். ஒருவர் முறை நடக்கும்போது மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து ஓடுவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை.

"என்னப்பா இது? ஒருத்தர் முறை நடந்துண்டிருக்கறச்சே இன்னொருத்தர் எதுக்கு சந்நிதியில நிக்கணும்?"

"அது உசுரோட இருக்குதான்னு இது பார்த்துகினே இருக்கணும் சாமி. அதுக்குத்தான்."

"சரி, சரி" என்றார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

குழு வந்த அன்று டீ வாங்கப் போனேன். திரும்பியபோது இரண்டு பெட்டிகளுக்கும் சந்தனப் பொட்டு. இரண்டாவதில் பவர் விளக்கு எரியவில்லை. முறை வரும்வரை ஓய்வெடுக்கட்டும் என்று தாளாளரே அணைத்திருந்தார். சொல்ல வாயெடுத்தேன். குழுவின் ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டீயை நீட்டினேன்.

தாளாளர் முதல் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். பிள்ளைகளின் திரைகளில் எதுவும் வரவில்லை.

"நெட் எங்க சாமி?" என்றார் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி வைத்திருந்த உறுப்பினர்.

"அது போனா என்ன? இதைப் பாருங்கோ. ஒரு சேதமும் இல்லாம இருக்கு!" என்று இரண்டாவது பெட்டியைக் காட்டினார் தாளாளர்.

"ஓடாத தறியில நூல் எப்படி சாமி அறுந்துபூடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தாளாளர் என் பக்கம் திரும்பினார்.

"நீதானேப்பா ரெண்டு இருந்தா நிக்காதுன்னே?"

"ஆங், சாமி" என்றேன்.

மறுநாள் சென்னை ஆளுக்குப் போன் போட்டார்கள். நான் ஆய்வகச் சாவியைக் கொடுத்துவிட்டு, நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டப் போனேன்.