வாய் ஒருவருடையது, குரல் யாருடையது?

சாலைக் கடைத்தெருவில் பைப்பும் இரும்புச் சாமானும் விற்கும் மொத்தக் கடையொன்றில் வேலை பார்த்த கோமதிநாயகத்துக்கு, ஒரு காய்ச்சலோடு இடது காது அடியோடு போயிற்று. வலது காது நன்றாகவே கேட்டது. ஒரு காது போனால் பாதிச் சத்தம் குறையும், அவ்வளவுதானே என்று நினைத்தார். குறையவில்லை; எல்லாம் குழம்பிப்போயிற்று.

எந்தச் சத்தமும் வலது பக்கமிருந்தே வந்தது. ஆரியசாலைத் தெருவில் ஹாரன் கேட்டு இடப்பக்கம் ஒதுங்கினார்; ஸ்கூட்டர் அந்தப் பக்கம்தான் வந்தது. மயிரிழையில் தப்பினார். மனைவி சொர்ணம்மாள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால், வாசலில் போய் எட்டிப் பார்த்தார்.

"நான் இங்கல்லா நிக்கேன்! அங்க யாரத் தேடுதிய?"

கடையில்தான் பெரும்பாடு. எதிரே யார் வாய் அசைகிறதோ, அவர் பேசுவதாகவே தோன்றியது. ஒருநாள் மலையாளத்துப் பிளம்பர் அபிலாஷ், பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் எல்போ வாங்க வந்து நின்றான். "செவிட்டுக் கழுத, ஒருதரம் சொன்னா கேக்காதா?" என்ற குரல் அவன் வாயிலிருந்தே வந்தது.

"யாரப் பாத்துச் செவிடுன்னு சொல்லுத? எறங்குலே கடைய விட்டு!"

அபிலாஷ் திகைத்தான். "நான் ஒண்ணும் பறயலியே அண்ணாச்சி! வாயில பபிள்கம்மாக்கும்."

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்லே!"

அவன் சாமான் வாங்காமலே போய்விட்டான். கணக்கெழுதும் ரேஷ்மி எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, அது லோடு எறக்குற கிரீஷ். வெளிய நின்னு டிரைவரத் திட்டினதாக்கும்."

வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது அவருக்கு. அந்தப் பையன் வாயிலிருந்து வந்ததென்று கோயிலில் சத்தியமே பண்ணியிருப்பாரே! அன்று சாயங்காலமே காது டாக்டரிடம் போனார்.

"சத்தம் எந்தப் பக்கம்னு சொல்ல ரெண்டு காதும் வேணும். இப்ப ஒண்ணுதான் இருக்கு. அதான் கண்ணு எந்த வாயக் காட்டுதோ, மூளை அங்க கொண்டு ஒட்டிருது," என்றார் டாக்டர்.

மறுநாள் கடையில் கண்ணை மூடிப் பார்த்தார். குரல்களெல்லாம் வலது காதருகே ஒரே குவியலாகக் கிடந்தன. திறந்ததும் ஆளுக்கொன்றாகப் போய் ஒட்டிக்கொண்டன. எது மெய்யென்று பிடிபடவில்லை. முதலாளி அவரை இடதுபுறச் சுவரோரம் மாற்றி நிறுத்தினார். எல்லோரும் வலப்பக்கம் நின்றதில் கொஞ்சம் தேவலை. சொர்ணம்மாள் முன்னால் வந்து நின்றே பேசப் பழகினாள்.

சில வாரம் கழித்து அபிலாஷ் வந்தான்.

"மனசுல வச்சுக்கிடாத தம்பி," என்றார்.

அவன் குனிந்து ஒரு வால்வைப் புரட்டிக்கொண்டிருந்தான். "சாரமில்ல அண்ணாச்சி, போட்டு" என்று, பரவாயில்லை விடுங்கள் என்கிற மாதிரி ஒரு குரல் கேட்டது. கோமதிநாயகம் ரேஷ்மியைப் பார்த்தார், பிறகு அவனை.

"நீதானப்பா சொன்ன?"

"நான்தான் அண்ணாச்சி," என்று நிமிர்ந்து சிரித்தான்.

இப்போது வாய் அசைந்ததைப் பார்த்தார். பார்த்ததை நம்பலாமா என்றுதான் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று, அன்று அவன் வாங்காமல் போன எல்போவை எடுக்க உள்ளே போனார்.