வெயில் வராத வீடு

என் சித்தப்பா செல்லதுரைக்கு வெயில் என்றால் ஆகாது. இருபது வருடமாக அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். தையும் மாசியும் சம்பா அறுப்பு, புரட்டாசியில் குறுவை அறுப்பு என்று மன்னார்குடிப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் வரை வயல் வயலாக இறங்கி ஏறுவார். மெஷினில் அவர் தலைக்கு மேலே ஒரு தகரக் கூரை உண்டு. அது நிழலா அடுப்பா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி, ஒட்டியிருக்கும் நெல் சுணையை உதறிவிட்டு, "டேய் வளவா, அடுத்த பொறப்புல ஐஸ் கம்பெனியில பொறக்கணும்டா" என்பார். கூடவே நாலு இருமல்.

எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். இதை எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். பட்டமளிப்பு விழாவுக்கு என்னோடு வந்து, வாசல் காவலாளியிடம் "உள்ள கவுனு போட்டிருக்கான்ல, எங்க அண்ணன் மவன்" என்று கேட்காமலே சொன்னவர் இந்தச் சித்தப்பாதான். அன்றிலிருந்து போனில் தேடவேண்டிய எதற்கும் அவர் என்னிடம்தான் வருவார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் தேடச் சொன்னது ஊட்டியில் ஒரு வீடு.

எங்கள் ஊர் மாதா கோயில் தெருவிலிருந்து போய் ஊட்டியில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் பிரின்ஸி, லீவுக்கு வந்தபோது சொன்ன சேதியில் ஆரம்பித்தது அது. அங்கே பெண்கள் ஹாஸ்டல் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள். மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். அம்சம் சித்தி அதுவரை நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர், கல்யாண சீசனில் பந்திச் சமையலுக்கும் போவார். மகள் செம்மொழி பத்தாம் வகுப்புக்குப் போகவேண்டும். கணக்கில் கெட்டிக்காரி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தோடு முடிந்துவிடும், அதற்குமேல் மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பேசினார்கள்.

"எனக்கு அங்க என்னடா வேல?" என்றார் சித்தப்பா.

"கேரட் கழுவுற மெஷின் இருக்காம்ண்ணே, ஆள் கெடைக்காம அலையிறாங்க" என்றாள் கூட உட்கார்ந்திருந்த பிரின்ஸி.

"மெஷினுன்னா சரி. நெல்ல அடிச்ச கை கேரட்ட கழுவாதா?"

"போறதுன்னா மூணு பேரும் போறோம், வீட்டப் பூட்டிக்கிட்டு" என்றார் சித்தி. "நான் ஒரு எடம் நீங்க ஒரு எடம்னு கெடக்கறதா இருந்தா எனக்கு அந்த வேலயே வேணாம்."

"உன்ன தனியா அனுப்பிட்டு நான் இங்க யாருகிட்ட திட்டு வாங்குறதாம்?" என்றார் சித்தப்பா. ஒரே வீட்டில் மூவரும். அந்த ஒரு நிபந்தனையில்தான் எல்லாம் முடிவானது.

வீடு பார்க்க நானும் போயிருந்தேன். அது வைகாசி மாதம். இங்கே தார் ரோடு காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் ஏற ஏற சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு, "இங்கெல்லாம் மனுசன் எதுக்குடி சாவுறான்?" என்றார். சித்தி முந்தானையை வாயில் வைத்து வாந்தியை அடக்கிக்கொண்டிருந்தார்.

ஒரே வீட்டுக்காரருக்கு இரண்டு வீடு இருந்தது. ஒன்று மேலே, ரோட்டை ஒட்டி. ஜன்னலைத் திறந்தால் வெயில் நடுவீடு வரைக்கும் வந்து படுத்துக்கொள்கிறது. வாடகையைக் கேட்டால் மன்னார்குடியில் மாடி வீட்டுக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு பங்கு. இன்னொன்று சரிவில் படி படியாக இறங்கிப் பள்ளத்தில் இருந்தது. பக்கத்திலேயே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் கேரட் கழுவும் இடம். மாத வாடகை இல்லை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மூன்று வருடம் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். எங்கள் ஊரில் அதைப் போக்கியம் என்போம், அங்கே லீஸ். மெஷினில் சேர்த்ததையும் சித்தியின் நகையையும் போட்டால் அந்தத் தொகை எட்டும்.

நான் போனை எடுத்துப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பக்கம்தான். எங்கள் ஊரில் தூரம் என்று ஒன்றுதான் உண்டு. உயரம் என்று இன்னொன்றைக் கேட்கவேண்டும் என்பது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் மப்ளர் சுற்றிய வயசானவர். நேர்மையான மனிதர். அதை இன்றைக்கும் சொல்லவேண்டும்.

"சொல்லிடறேனுங்க. கீழ் வீட்டுக்கு வெயில் வராது. மத்தியானத்துல கொஞ்சம் எட்டிப் பார்த்தா உண்டு."

சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "அதத்தாங்க நான் பொறந்ததுலேர்ந்து தேடிக்கிட்டு இருக்கேன்!"

"அதில்லைங்க, மழை மாசத்துல..."

"மழையா? எத்தன புயலுக்குக் கூரையப் புடிச்சிக்கிட்டு நின்னவங்க நாங்க. அத விடுங்க."

சித்தி மட்டும் மேல் வீட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, மேல் வீடே இருக்கட்டுமே. பாப்பா படிக்க வெளிச்சமா இருக்கு."

"வெளிச்சத்துக்கு லைட்டு இருக்குடி. வெயிலுக்குப் போயி எவனாவது வாடகை குடுப்பானா?"

திரும்பி நடக்கும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பாவம்டா, மனுசனுக்கு வெவரம் பத்தல. தண்ணி ஓரத்துல வீடு, நாள் பூரா நெழலு. இதப் போயி கொறச்சலுக்குக் குடுக்குறாரு." எங்கள் பக்கம் வாய்க்காலுக்குக் கிட்டே இருக்கிற நிலத்துக்குத்தான் விலை. நிழல் இருக்கிற இடத்தில்தான் சந்தையே கூடும். அந்தக் கணக்கில் அவர் சொன்னதில் தப்பே இல்லை. நானும் தலையாட்டினேன்.

ஆனியில் குடிபோனார்கள். லீவு முடிந்து திரும்பிய பிரின்ஸி வீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தப் பள்ளத்துல ஊர்க்காரங்க கோழிக்கூண்டு கூட வைக்கமாட்டாங்களே" என்றாளாம். அவள் லீவில் இங்கே இருந்தபோதே வீடு பேசி முடிந்துவிட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் மழையிலேயே சுவரில் கறுப்புப் பூத்தது. துணி காயவில்லை. இங்கே போட்ட துணியை மறந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மொறுமொறுவென்று இருக்கும். அங்கே செம்மொழியின் யூனிஃபாரத்தை அயர்ன் பாக்ஸால் காயவைத்தார்கள். சித்தி ஈரத் துணியை வாளியில் அள்ளிக்கொண்டு படியேறி, மேல் வீட்டில் குடியிருந்தவர்களைக் கேட்டு அவர்கள் கொடியில் காயப்போட்டார். "அந்த வீட்டு வெயில ஓசியில வாங்குறேன்டா" என்று போனில் என்னிடம் சிரித்தார்.

மார்கழியில் உறைபனி. மேலே இருக்கிற வீடுகளில் விடிந்ததும் பனி விலகிவிடும். பள்ளத்தில் அது மதியம் வரை அப்படியே படுத்திருக்கும். சித்தப்பாவோ விடியற்காலையில் கேரட் மெஷினில் நின்று ஐஸ் தண்ணீரில் கை வைக்கிறவர். இருபது வருடம் நெஞ்சுக்குள் போன சுணையும் தூசும் அங்கே விழித்துக்கொண்டன. பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு கால் படியில். ஒரு நாள் செம்மொழிதான் அவரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனாள்.

டாக்டர் சொன்னது இரண்டே வழி. ஈரமில்லாத, நல்ல வெயில் வரும் வீட்டுக்கு மாறவேண்டும். இல்லையென்றால் மலையை விட்டு இறங்கவேண்டும்.

வீட்டுக்காரர் லீஸ் பணத்தைப் பெண் கல்யாணத்தில் போட்டுவிட்டிருந்தார். "மூணு வருசம்னுதானுங்களே பேச்சு" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். சித்தியின் சம்பளத்தில் மேல் வீட்டைப்போல் ஒன்றுக்கு வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு ஹாஸ்டல் பானையைத்தான் சுரண்டவேண்டும். செம்மொழியோ பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு அறுப்புக்கு மட்டும் போயிட்டு வர்றேன். நெஞ்சும் சரியாவும், நாலு காசும் சேரும். வந்து மேல ஒரு வெயில் வீட்டுக்கு மாறிக்குவோம்" என்று சொல்லிவிட்டு சித்தப்பா இறங்கி வந்தார்.

அந்த ஒரு அறுப்பு மூன்று வருடமானது. நெல்லை அறுத்தால் சுணை, சுணைக்கு இருமல், இருமலுக்கு மாத்திரை. மாத்திரை வாங்கியதுபோக மிஞ்சியதை மலைக்கு அனுப்புவார். அப்படி ஒரு வீட்டுக்கு மாறுகிற அளவுக்கு ஒரு தடவையும் மிஞ்சவில்லை. சித்திக்கும் செம்மொழிக்கும் பகலெல்லாம் சமையல்கட்டு அடுப்பும் வகுப்பறையுமாகப் போய்விடுவதால் அந்த வீடு ராத்திரி படுக்க மட்டும்தான். அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். செம்மொழி பத்தில் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் வந்தாள். பிளஸ் டூ பரீட்சை மாசியில் நடந்தது. இங்கே சம்பா அறுப்பு முடியாத நேரம். "மெஷின நிறுத்திட்டு வரமுடியலம்மா" என்று வயலில் நின்றுகொண்டு போனில் கத்தினார். மெஷின் சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை.

லீஸ் முடிந்தபோது நானும் சித்தப்பாவும் சேர்ந்து போனோம். வீட்டுக்காரர் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார். மேல் வீடு அப்போது காலியாக இருந்தது. சித்தப்பா அதன் வாசலில் நின்று, "இத எடுத்துருவமா அம்சம்?" என்றார்.

"யாருக்கு?" என்றார் சித்தி. கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே கேட்டார். "பாப்பா சென்னைக்குக் காலேஜுக்குப் போயிருவா. எனக்கு ஹாஸ்டல்லயே ரூம் குடுத்துட்டாங்க. சமையல்கட்டுக்கு நான்தான் பொறுப்பு இப்ப, ராத்திரியும் அங்க இருக்கணும்."

"அப்ப நீ ஊருக்கு வந்துரு."

"வந்து? நடவுக்குப் போவவா? இந்த முட்டியோட சேத்துல குனியச் சொல்றீங்களா?"

செம்மொழி பெட்டியோடு கீழேயிருந்து ஏறி வந்தாள். சித்தப்பா பெட்டிக்குக் கை நீட்டினார். "விடுங்கப்பா, நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் எங்களைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டாள். அன்பாகத்தான் சொன்னாள்.

இந்த வருடம் பொங்கலுக்குச் சித்திக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா புதுப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு தானே போனார். பெண்கள் ஹாஸ்டல், ஆம்பிளைகள் உள்ளே போகமுடியாது. கேட்டில் இருந்த காவலாளி, "யாரப் பாக்கணும்?" என்றானாம்.

"அம்சத்த. சமையல்கட்டுல..."

"அம்சாக்காவா? நீங்க யாரு?"

"அவ புருசன்."

"அட, அக்காவுக்குப் புருசன் இருக்காரா! ரெண்டு வருசமா இங்க இருக்கேன், எனக்குத் தெரியாதுங்களே."

ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆதார் கார்டக் காட்டுனேன்டா, நம்புறியா?" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: "மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கம் ஏதாவது ஹாஸ்டல்ல சமையலுக்கு ஆள் எடுக்குறானான்னு பாரேன். அதே சம்பளம் குடுத்தா வந்துர்றேன்னு சொல்லியிருக்கா."

பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு இடத்தில் நேரிலேயே போய்க் கேட்டேன். ஊட்டியில் தருவதில் பாதிகூட யாரும் தருவதாக இல்லை. சித்தப்பா வாரத்துக்கு ஒரு தடவை, "என்னடா வளவா, ஏதாவது?" என்கிறார். "பாத்துக்கிட்டு இருக்கேன் சித்தப்பா" என்றுதான் இதுவரை சொல்லிவருகிறேன்.